நம்பினார்கள், எடைபோடவில்லை: அவியாங்கா 052 விமான உரையாடல்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

திறனாய்ந்து கேட்பது பற்றிய பாடங்கள் பெரும்பாலும் பொய்யிலிருந்துதான் தொடங்குகின்றன. எதிரில் இருப்பவர் ஏமாற்றுகிறாரா, மிகைப்படுத்துகிறாரா, சான்று எதுவுமின்றிப் பேசுகிறாரா என்று கண்டுபிடிப்பதே கேட்பவரின் மதிப்பீட்டுப் பணி என்று அவை கற்பிக்கின்றன. விளம்பரத்தையும் தேர்தல் மேடையையும் கேட்பதற்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் இருவர் பேசிக்கொள்ளும்போது, குறிப்பாக ஒரே வேலையைச் சேர்ந்து செய்பவர்கள் பேசிக்கொள்ளும்போது, பொய் அரிது. அங்கே அடிக்கடி நேர்வது வேறொரு பிழை. சொன்னது உண்மை என்று கேட்டவர் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறார்; ஆனால் அது உண்மையென்றால் அடுத்து என்ன நடக்கும், தன் கையில் இருக்கும் மற்ற செய்திகளோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்பதில்லை. நம்பிக்கை இருக்கிறது, எடைபோடுதல் இல்லை. இந்தப் பிழையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் நிகழ்வு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதில் பேசப்பட்டவை ஒலிப்பதிவாகக் கிடைத்தன, எழுத்தில் பெயர்க்கப்பட்டன, அரசு விசாரணையில் வரிவரியாக ஆராயப்பட்டன. யார் எதைக் கேட்டார், கேட்டபின் என்ன செய்தார் என்பதை ஊகிக்காமல் பேசக்கூடிய நிகழ்வுகள் மிகக் குறைவு. அதனாலேயே இது பயனுள்ளது.

நடந்தது

1990 ஜனவரி 25 அன்று அவியாங்கா நிறுவனத்தின் 052ஆம் எண் விமானம் கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து கிளம்பி, மெதயீன் வழியாக நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தை நோக்கிச் சென்றது. நான்கு இயந்திரங்கள் கொண்ட போயிங் 707 விமானம் அது. பயணிகள் 149 பேரும் ஊழியர்கள் 9 பேருமாக 158 பேர் இருந்தனர். அன்று மாலை அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் வானிலை மோசமாக இருந்ததால் கென்னடியில் இறங்க வேண்டிய விமானங்கள் வானிலேயே வட்டமடித்துக் காத்திருக்க வைக்கப்பட்டன. 052ஐ மூன்று இடங்களில் நிறுத்தினார்கள்: வர்ஜீனியாவின் நார்ஃபோக் அருகே 19 நிமிடம், அட்லாண்டிக் சிட்டி அருகே 29 நிமிடம், கென்னடிக்குத் தெற்கே கேம்ரன் என்ற வான்குறியிடத்தில் மறுபடி 29 நிமிடம். மொத்தக் காத்திருப்பு 1 மணி 17 நிமிடம்.

விமானி அறையில் மூவர் இருந்தனர். தலைமை விமானிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆகவே தரையோடு பேசும் பொறுப்பு முழுவதும் துணை விமானியிடம் இருந்தது. மூன்றாமவர் விமானப் பொறியாளர். மூவரும் தங்களுக்குள் ஸ்பானிய மொழியில் பேசினர். தரைப்பக்கத்தில் கேட்டவர்களும் பலர். நீண்ட தூர வழித்தடத்தைக் கவனிக்கும் மையம், விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளியைக் கவனிக்கும் அணுகுமுறைக் கட்டுப்பாடு, ஓடுதளத்தைக் கவனிக்கும் கோபுரம் என விமானம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது.

இரவு சுமார் 8.44 மணிக்கு, 9.05 வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று மையத்தின் கட்டுப்பாட்டாளர் சொன்னார். தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று நினைப்பதாகத் துணை விமானி பதிலளித்தார். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும், மாற்று விமான நிலையம் எது என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். சுமார் ஐந்து நிமிடம்தான், அதற்குமேல் முடியாது என்று பதில் வந்தது. மாற்று நிலையம் பாஸ்டன் என்று சொல்லியிருந்தோம், ஆனால் இப்போது அங்கே போக முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும் என்றும் துணை விமானி சொன்னார். மையத்தில் அந்தக் கட்டுப்பாட்டாளரோடு இருந்த, விமானத்தை அடுத்த பிரிவின் கையில் மாற்றிவிடும் ஒப்படைப்புக் கட்டுப்பாட்டாளர் உடனே அணுகுமுறைக் கட்டுப்பாட்டைத் தொலைபேசியில் அழைத்து, இந்த விமானத்தால் இன்னும் ஐந்து நிமிடம்தான் வட்டமடிக்க முடியும், ஏற்றுக்கொள்கிறீர்களா அல்லது மாற்று நிலையத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாஸ்டனுக்குப் போக முடியாது என்ற பகுதி அவர் காதில் விழவில்லை. அந்த நொடியில் அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

வட்டத்திலிருந்து விடுபட்ட பிறகு, முன்னால் செல்லும் விமானங்களோடு இடைவெளி வேண்டும் என்பதற்காக அணுகுமுறைக் கட்டுப்பாடு 052ஐ வானில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வைத்தது. துணை விமானி மறுப்புச் சொல்லவில்லை. 9.23 மணியளவில் ஓடுதளத்தை நெருங்கியபோது, காற்றின் வேகமும் திசையும் உயரத்துக்கு உயரம் மாறிக்கொண்டிருந்ததால் விமானம் சரியான பாதைக்குக் கீழே தாழ்ந்துபோயிற்று. ஓடுதளம் கண்ணில் படாததால் இறங்காமல் மேலே ஏற்றப்பட்டது. நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல் என்று தலைமை விமானி துணை விமானிக்கு உத்தரவிட்டார். துணை விமானி கோபுரத்திடம், கொடுக்கப்பட்ட திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அதே மூச்சில் சேர்த்துச் சொன்னார். கோபுரம் சரி என்றது. சொன்னாயா என்று தலைமை விமானி கேட்டார். சொல்லிவிட்டேன் ஐயா என்று பதில் வந்தது.

அணுகுமுறைக் கட்டுப்பாட்டிடம் மறுபடி சேர்ந்ததும் துணை விமானி உயரத்தைத் திருப்பிச் சொல்லி, இறுதியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒட்டவைத்தார். சற்று நேரத்தில் கட்டுப்பாட்டாளர், வடகிழக்கே சுமார் 15 மைல் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிதானா என்று கேட்டார். சரியென்றே நினைக்கிறேன், மிக்க நன்றி என்பது துணை விமானியின் பதில். என்ன சொல்கிறார் என்று தலைமை விமானி கேட்டபோது, அந்த ஆள் கோபமாக இருக்கிறார் என்று விமானப் பொறியாளர் சொன்னார். 9.32க்கு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. இரண்டு இயந்திரங்களை இழந்துவிட்டோம், முன்னுரிமை வேண்டும் என்று துணை விமானி சொன்னார். 9.34 மணியளவில் லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற ஊரின் மலைச்சரிவில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தனர்; 85 பேர் பிழைத்தனர். எரிபொருளே இல்லாததால் விழுந்த பிறகு தீப்பிடிக்கவில்லை.

வழக்கமான தீர்ப்பும் அதில் விடுபடுவதும்

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1991இல் ஏற்றுக்கொண்ட அறிக்கை, விமானக் குழுவினர் எரிபொருளைச் சரிவர நிர்வகிக்கத் தவறியதையும், எரிபொருள் தீர்வதற்குள் அவசர நிலையைத் தரைக்குத் தெரிவிக்கத் தவறியதையும் முதன்மைக் காரணமாகக் கூறியது. நிறுவனத்தின் தரைக்குழுவிடம் வழியில் உதவி பெறாதது, போக்குவரத்து நெரிசல் போதிய அளவு நிர்வகிக்கப்படாதது, குறைந்த எரிபொருள் நிலையைக் குறிக்க இரு தரப்புக்கும் பொதுவான தரப்படுத்திய சொற்கள் இல்லாதது ஆகியவை துணைக் காரணங்களாகச் சேர்க்கப்பட்டன. அவசரம் என்ற சொல்லோ, உயிராபத்தை அறிவிக்கும் மேடே என்ற அழைப்போ பதிவில் எங்கும் தரையை நோக்கிச் சொல்லப்படவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் அச்சு.

பொறுப்பை வகுக்கும் வேலைக்கு அந்தத் தீர்ப்பு சரியானதே. தகவல்தொடர்பு வகுப்புகளிலும் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டு, துணை விமானி தன் பேச்சைத் தணித்துக்கொண்டார், அதிகாரத்துக்குப் பணிந்து அவசரத்தை அடக்கமான சொற்களில் பொதிந்தார் என்று விளக்குகிறார்கள். அந்த விளக்கம் பொய்யில்லை; ஆனால் அது முழுக்க முழுக்கப் பேசியவரைப் பற்றிய விளக்கம். கேட்டவர்களைப் பற்றி அது ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற வாக்கியத்தை இரு கட்டுப்பாட்டாளர்கள் தெளிவாகக் கேட்டார்கள். ஒருவரும் அதை ஐயுறவில்லை. அப்படியிருந்தும் அது அவர்களுடைய அடுத்த முடிவை மிகச் சிறிதளவே மாற்றியது. கேட்டல் பற்றிய ஆய்வில் நமக்கு வேண்டிய கேள்வி இதுதான்: காதில் விழுந்து, பொருள் விளங்கி, நம்பவும்பட்ட ஒரு செய்தி ஏன் எடைபோடப்படாமல் போகிறது?

கேட்டலை ஆராய்ந்த ஜூடி பிரவுனல் அதை ஆறு கூறுகளாகப் பிரித்தார்: காதில் வாங்குதல், புரிந்துகொள்ளுதல், நினைவில் வைத்தல், உட்பொருள் அறிதல், மதிப்பிடுதல், எதிர்வினை தருதல். நடைமுறையில் இவை வரிசையாக நிகழ்வதில்லை என்பது யாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் பிரித்துப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. எந்த இடத்தில் அறுந்தது என்று சுட்டிக்காட்ட முடிகிறது. 052இன் உரையாடல்களில் தரைப்பக்கத்தில் காதில் விழாமல் போனது பாஸ்டன் பற்றிய அந்த ஒரு வாக்கியம் மட்டுமே என்று சொல்லலாம். மற்றவை எல்லாம் விழுந்தன.

ஐந்து நிமிடம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது

இந்த நிகழ்வில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடம், பலரும் விரைந்து கடந்துவிடும் அந்த ஐந்து நிமிட உரையாடல்தான். கட்டுப்பாட்டாளர் கேட்டது எவ்வளவு நேரம் வட்டமடிக்க முடியும் என்று. வந்த பதிலும் அந்தக் கேள்விக்கு உரியது. கேட்டவர் அதைத் தன் வேலையின் அளவுகோலால் அளந்தார்: ஐந்து நிமிடத்துக்குள் இந்த விமானத்தை வட்டத்திலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவித்தார்கள். அத்தோடு அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சிக்கல் தீர்ந்தது. அணுகுமுறைக் கட்டுப்பாட்டுக்குப் போன செய்தியும் அதே அளவில்தான் போயிற்று. முன்னுரிமை என்ற வேண்டுகோள் அதில் இல்லை, பாஸ்டனுக்கு வழியில்லை என்பதும் இல்லை. ஆகவே அங்கே 052 வரிசையில் வந்த மற்றொரு விமானமாயிற்று. இடைவெளிக்காக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வைப்பதில் அவர்கள் எந்த முரணையும் காணவில்லை.

ஆனால் அந்தச் செய்தியின் எடை ஐந்து நிமிடத்தில் இல்லை. ஐந்து நிமிடத்துக்குமேல் காத்திருக்க முடியாத, வேறெந்த நிலையத்துக்கும் போக முடியாத ஒரு விமானம் என்றால், அதற்கு இறங்க ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது என்று பொருள். முதல் முயற்சி தவறினால் இரண்டாவதற்கு எரிபொருள் இருக்குமா என்பது ஐயம். அன்றிரவு வானிலை மோசமென்பதும், இறங்குவது எளிதல்ல என்பதும் தரையிலிருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வந்திருக்க வேண்டிய முடிவு ஒன்றுதான். அதற்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் தேவையில்லை. கேட்ட வாக்கியத்தை, அது விடையாக வந்த கேள்வியிலிருந்து பிரித்தெடுத்து, அது உண்மையென்றால் இன்னும் அரை மணி நேரத்தில் இந்த விமானம் என்ன நிலையில் இருக்கும் என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

நாம் கேள்வி கேட்கிறோம், பதில் வருகிறது, கேள்வி நிறைவுபெற்றதும் பதிலும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். பதிலில் கேள்வியைவிடப் பெரிய செய்தி இருந்தால் அது கேள்வியின் அளவுக்கு வெட்டப்படுகிறது. நன்றாகக் கேள்வி கேட்பவர்களே இதில் அதிகம் விழுகிறார்கள் என்பது என் எண்ணம். தங்கள் கேள்வியில் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை, பதிலில் மிஞ்சி நிற்பதைப் பார்க்க விடுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செய்தி போகும்போது இந்த வெட்டு இன்னும் கூர்மையாகிறது. இரண்டாமவருக்குக் கேள்வியும் தெரியாது, மிஞ்சியதும் தெரியாது, வெட்டி எடுத்த துண்டு மட்டுமே கிடைக்கிறது.

முன்னுரிமை என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். துணை விமானி அந்தச் சொல்லால் அவசர நிலையையே தெரிவித்துவிட்டதாகக் கருதினார். கட்டுப்பாட்டாளர்களின் விதிமுறையில் அந்தச் சொல்லுக்கு அப்படிப்பட்ட கடமை எதுவும் இணைக்கப்படவில்லை. இரு தரப்பும் தத்தம் அகராதிப்படி சரியாகவே இருந்தனர். இது சொல்லின் குறை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் தனக்குப் பழக்கமில்லாத இடத்தில் ஒரு சொல் வரும்போது, நீங்கள் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று கேட்பது கேட்பவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. சொன்னவருக்குத் தன் சொல் தெளிவாகவே இருக்கிறது; ஆகவே விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

விமானி அறைக்குள் கேட்டவர்கள்

தலைமை விமானியைக் கேட்பவராகப் பார்ப்பது வழக்கமில்லை. அவர் உத்தரவிடுபவராகவே பேசப்படுகிறார். ஆனால் அன்று அந்த அறையில் மிகக் கடினமான கேட்கும் பணி அவருடையதே. தரையிலிருந்து வருவது அவருக்குப் பாதி விளங்கியும் விளங்காமலும் இருந்தது. எனக்குச் சத்தமாகச் சொல், காதில் விழவில்லை என்று அவர் துணை விமானியிடம் கேட்டது பதிவில் இருக்கிறது. விமானத்தைச் செலுத்துவதும் அவர் வேலை. இந்நிலையில் அவர் எடுத்துக்கொண்ட சோதனை, சொன்னாயா என்ற ஒற்றைக் கேள்வி. அதற்கு ஆம் என்று பதில் வந்தது. துணை விமானி பொய் சொல்லவில்லை. தான் சொன்னதை, சொல்லச் சொன்னதற்கு ஈடானது என்று அவர் கருதினார்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்வி எடைபோடுவதற்கு உதவாது. என்ன சொற்களில் சொன்னாய், அவர்கள் என்ன பதில் தந்தார்கள் என்று கேட்டிருந்தால், எரிபொருள் தீர்கிறது என்று சொன்னேன், அவர்கள் சரி என்றார்கள் என்ற விடை வந்திருக்கும். குறை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். இன்னொரு சோதனையும் அவர் கையில் இருந்தது, அதற்கு ஆங்கிலம்கூடத் தேவையில்லை. அவசர நிலையை அறிவித்த விமானத்தைத் தரை எப்படி நடத்தும் என்பது எந்தத் தலைமை விமானிக்கும் தெரியும்: மற்ற விமானங்கள் விலக்கப்படும், மிகக் குறுகிய வழி தரப்படும், எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு எரிபொருள் என்று கேட்பார்கள். இவற்றில் எதுவும் நடக்கவில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதற்கு, சொன்னவரின் உறுதிமொழியைவிடக் கேட்டவரின் நடத்தையே வலுவான சான்று. அந்தச் சான்று அவர் முன்னால் இருந்தது. ஆனால் இருளிலும் மேகத்திலும் தடுமாறும் விமானத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இந்தப் பகுப்பாய்வை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்பது தனிக் கேள்வி.

துணை விமானியும் கேட்பவர்தான். வடகிழக்கே 15 மைல், உங்கள் எரிபொருளுக்குச் சரிதானா என்று கேட்ட கட்டுப்பாட்டாளர், அன்றிரவு தரையிலிருந்து திறந்துவிடப்பட்ட ஒரே கதவைத் திறந்தார். எரிபொருள் என்ற சொல்லை அவரே எடுத்துக் கேட்டார். ஆனால் கேட்ட விதம், சரி என்ற விடையைத் தானாகவே வரவழைக்கும் விதம். திட்டத்தை முதலில் அறிவித்து, பிறகு ஒப்புதல் கேட்டார். இன்னும் எத்தனை நிமிடம் பறக்க முடியும் என்று கேட்டிருந்தால் துணை விமானி ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். எண்ணைச் சொல்ல நன்றி என்ற சொல் உதவாது. ஆயினும் கேட்கப்பட்ட கேள்வியைத் துணை விமானி எடைபோட்டிருந்தால், 15 மைல் போய்த் திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. அவர் கேள்வியின் பொருளுக்கு விடை தரவில்லை. கேட்டவரின் தொனிக்கு விடை தந்தார்.

அந்த ஆள் கோபமாக இருக்கிறார் என்று விமானப் பொறியாளர் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். என்ன சொல்கிறார் என்பது தலைமை விமானியின் கேள்வி. உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்வி. வந்த விடையோ மனநிலையைப் பற்றியது. ஒவ்வொரு பேச்சிலும் செய்தி ஒன்றும் உறவு ஒன்றும் சேர்ந்தே வருகின்றன. நெருக்கடியில் காது உறவையே முதலில் பிடித்துக்கொள்கிறது. அவர் கோபமாக இருக்கிறாரா, என்னைக் குறை நினைக்கிறாரா என்ற மதிப்பீடு மனத்தில் இடத்தை அடைத்துக்கொண்டால், அவர் சொன்ன 15 மைலை மதிப்பிட இடமில்லாமல் போகிறது.

இதே வகையில் முன்பு நடந்தது

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு வந்த யுனைடெட் 173 விமானம், சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வானில் வட்டமடித்துக்கொண்டே இருந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது; இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தனர். அங்கே மொழித் தடை இல்லை, எல்லோரும் ஒரே அறையில் இருந்தனர். இன்னும் 15 நிமிடம் என்று கணக்கிட்டுக்கொள் என்று தலைமை விமானி சொன்னபோது, 15 நிமிடம் என்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று பொறியாளர் சொல்லவே செய்தார். கேட்டவர் கேட்டார்; ஆனால் அவர் மனத்தில் இருந்த கேள்வி சக்கரங்களைப் பற்றியது. அந்த விபத்துக்குப் பிறகே விமானக் குழுவினருக்கு ஒருவரையொருவர் கேட்கவும் வலியுறுத்திப் பேசவும் பயிற்சி தர வேண்டும் என்று பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது; இன்று உலகெங்கும் விமானிகள் பெறும் குழுவளப் பயிற்சி அதிலிருந்து வளர்ந்ததே. மொழியும் பண்பாடும்தான் 052ஐ வீழ்த்தின என்று எளிதாக முடிப்பவர்களுக்கு 173 ஒரு தடை.

தீர்வாக வந்தவை

வான்போக்குவரத்து உலகம் இதற்குப் பிறகு இரண்டு வழிகளில் நகர்ந்தது. ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு, பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்திறன் தேவையை வகுத்து 2008 மார்ச்சிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2012இல் எரிபொருள் குறித்துச் சொல்ல வேண்டிய சொற்களே வரையறுக்கப்பட்டன: இனி எந்தத் தாமதமும் தாங்காது என்ற நிலைக்கு மினிமம் ஃபியூயல், இறங்கும்போது இருக்க வேண்டிய இறுதி இருப்பும் குறையும் என்ற நிலைக்கு மேடே மேடே மேடே ஃபியூயல். கேட்பவரின் மதிப்பிடும் சுமையில் ஒரு பகுதியை இவை சொல்லுக்கு மாற்றிவிட்டன. சொல் வந்துவிட்டால் கேட்பவர் யோசிக்க வேண்டியதில்லை, செயல்பட வேண்டும். இது பெரிய முன்னேற்றம்; ஆனால் சொல்பவர் அந்தச் சொல்லை எடுக்காமல் தவிர்க்கும்போது நாம் மறுபடி 1990க்கே வந்து நிற்கிறோம்.

மருத்துவம் வேறு வழியில் சென்றது. ஒரு பணிநேர மருத்துவர் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் உரையாடலுக்காக வகுக்கப்பட்ட ஐ-பாஸ் என்ற முறையில், கடைசிக் கூறு கேட்பவருக்கு உரியது: கேட்டதைத் தன் சொற்களில் தொகுத்துச் சொல்லி, கேள்விகள் கேட்டு, தான் செய்யப்போவதை உரைக்க வேண்டும். 9 மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. அது பயிற்சி, கண்காணிப்பு, எழுத்துவடிவம் எல்லாம் சேர்ந்த தொகுப்பின் விளைவு. கேட்பவரின் தொகுப்புரையால் மட்டும் அவ்வளவு குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் அடிப்படை எண்ணம் 052இன் குறைக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. விமானத்துறையில் நெடுங்காலமாக இருந்த திருப்பிச்சொல்லும் வழக்கம் சொற்களையே திருப்பிச் சொல்லச் செய்கிறது. 3,000 அடி என்றால் 3,000 அடி. காது சரியாக இருக்கிறது என்பதற்கு அது சான்று, மனம் எடைபோட்டது என்பதற்குச் சான்றில்லை. தன் சொற்களில் சொல்லும்போதோ, கேட்டதிலிருந்து தான் எடுத்த முடிவும் சேர்ந்தே வெளியே வந்தாக வேண்டும். உங்களால் பாஸ்டனுக்குப் போக முடியாது, ஆகவே இங்கே ஒரே முறையில் இறங்கியாக வேண்டும், சரிதானா என்று மையத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தால், துணை விமானியின் தயக்கம் எத்தனை ஆழமாக இருந்தாலும் ஆம் என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவசரம் என்ற கனத்த சொல்லை எடுத்துவைக்கும் சுமையைக் கேட்பவரே பகிர்ந்துகொண்டிருப்பார்.

அன்றாட உரையாடலுக்கு இது எவ்வளவு பொருந்தும்

விமானப் பதிவை வைத்து வீட்டையும் அலுவலகத்தையும் பேசுவதில் எச்சரிக்கை வேண்டும். அங்கே உரையாடல்கள் நொடிக்கணக்கில் முடிகின்றன, முகம் தெரிவதில்லை, ஒருவர் ஒரே நேரத்தில் பல விமானங்களோடு பேசுகிறார். ஆனாலும் தணித்த சொற்களில் பெரிய செய்தி வருவது எங்கும் ஒன்றுதான். மருத்துவரிடம் கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிறதல்லவா என்று சொல்பவர், நோய்க்குறியையும் அதைத் தள்ளிவிடும் விளக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் தருகிறார். வேலையை வெள்ளிக்குள் முடித்துவிடலாம், ஆனால் அந்தத் தரவு வர வேண்டும் என்று சொல்லும் சக ஊழியரின் வாக்கியத்தில் ஆனால் என்பதற்குப் பின்னால் இருப்பதே செய்தி. கேட்பவர் பெரும்பாலும் தனக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொண்டு மனத்தில் குறித்துக்கொள்கிறார்: வயது, வெள்ளி.

பரிவோடு கேட்பதும் எடைபோட்டுக் கேட்பதும் எதிரெதிரானவை என்ற எண்ணம் பயிற்சி வகுப்புகளில் பரவலாக உண்டு. முதலில் தீர்ப்பளிக்காமல் கேள், மதிப்பீட்டைப் பிறகு வைத்துக்கொள் என்பார்கள். பேசுபவரைப் பற்றித் தீர்ப்பளிப்பதை ஒத்திவைப்பது சரி. ஆனால் பேசப்பட்டதன் விளைவை எடைபோடுவதை ஒத்திவைத்தால் அது பரிவாகாது. மூச்சு வாங்குகிறது என்றவரிடம் எத்தனை படிகளில் வாங்குகிறது, சென்ற ஆண்டு இப்படி இருந்ததா என்று கேட்பவர் அவரை ஐயுறவில்லை. அவர் சொன்னதை அவரைவிடவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்.

இந்த ஆய்வின் எல்லைகளையும் குறித்துவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு பதிவைப் படிக்கும் எவருக்கும் எந்த வாக்கியம் முக்கியம் என்பது பளிச்சென்று தெரியும். அன்று கேட்டவர்களுக்கு அது எண்ணற்ற வாக்கியங்களுள் ஒன்று. எழுத்தில் பெயர்த்த பதிவில் குரலின் ஏற்ற இறக்கம் இல்லை. துணை விமானியின் குரலில் பதற்றம் எந்த அளவுக்குக் கேட்டது என்பதை எழுத்திலிருந்து அறிய முடியாது. எல்லாப் பேச்சையும் விளைவு வரை தொடர்ந்து எடைபோட யாராலும் இயலாது. அப்படிச் செய்ய முயல்பவர் இரண்டாம் மணி நேரத்திலேயே களைத்துவிடுவார். ஆகவே எந்த வாக்கியத்தில் நிற்பது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். 052இன் பதிவைத் திரும்பத் திரும்பப் படிக்கையில் எனக்குத் தென்படும் அடையாளம் இது: ஒருவர் தன் மாற்று வழி இல்லாமல் போயிற்று என்று சொல்லும் இடம். பாஸ்டனுக்கு இனிப் போக முடியாது என்பது அப்படிப்பட்ட வாக்கியம். கடன் கேட்க இனி யாரும் இல்லை என்பதும், விடுப்பு தீர்ந்துவிட்டது என்பதும், அந்த மருந்தும் கேட்கவில்லை என்பதும் அதே வகை. இவை பெரும்பாலும் வேறெதற்கோ பதில் சொல்லும்போது இடையில் வந்து போகின்றன, குரல் உயராமலே. கேட்பவர் தொலைபேசியை எடுக்கக் கை நீட்டும் நேரமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.